மந்திரியைப் போற்றினோம், மனையை மறந்தோம்

2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பெய்த மழையில் நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. வடகீழ்ப் பருவமழை தொடங்கு முன்னரே பெய்த மழை அது. செய்தித்தாள்களிற் படங்கள் வெளிவந்தன. பார்த்தோர் பதைத்தனர். தமிழரசர் காலத்துச் செல்வம் அழிகின்றதே என்னும் ஓலம் ஊரிலும் கடல் கடந்த நாடுகளிலும் ஒருங்கே எழுந்தது. சில நாட்களில் அவ்வோலம் ஓய்ந்தும் போயிற்று.

அத்துயரம் போலியானது என்று நான் கூறவரவில்லை. நானும் துயருற்றவர்களுள் ஒருவன். ஆயினும் அவ்வோலத்தின் சொற்களை ஊன்றிக் கேட்டபோது எனக்கொரு ஐயம் தோன்றிற்று. "அரசர் காலம்", "மந்திரி", "இராசதானி" என்ற சொற்கள் திரும்பத் திரும்ப ஒலித்தன. செங்கல், சுண்ணாம்பு, கூரை, மரம், கொத்தன், தச்சன் என்ற சொற்களை எவரும் உச்சரிக்கக் காணேன். இல்லாத மந்திரிக்காக அழுத நாம், இருந்த வீட்டைப் பார்க்கவேயில்லை. மனை இடிந்தமைக்கான காரணங்களுள் ஒன்று அதற்கு நாம் சூட்டிய பெயரே என்பதும், அக்கட்டடத்தை அதன் உண்மையான வயதோடும் உண்மையான வரலாற்றோடும் ஏற்றுக்கொள்ளும் வரை அதனை நம்மாற் காக்க இயலாது என்பதுமே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம். இது சிலருக்குக் கசக்கலாம். கசப்பினும் கூறவேண்டிய காலம் இது.

1. மனையும் அதன் தோற்றமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியில், நல்லூரில், மந்திரிமனை நிற்கின்றது. சங்கிலியன் தோப்பு வளைவும் யமுனா ஏரியும் அதற்கு அண்மையிலேயே உள்ளன. இம்மூன்றையும் சேர்த்து யாழ்ப்பாண அரசின் எச்சங்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் அறிமுகஞ் செய்கின்றன.

நம்மூர்ப் பழைய வீடுகள் நிலத்தோடு படிந்தவை. நடுவே முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், முன்னே திண்ணை, வேலியில் ஒரு சங்கடப்படலை என அவை உள்நோக்கி அமைந்தவை. வீதியிற் செல்பவனுக்கு அவற்றின் கூரையன்றி வேறெதுவும் தெரியாது. மந்திரிமனையோ இதற்கு மாறானது. அது வீதியை நோக்கி நிமிர்ந்து நிற்கின்றது. அரைவட்ட வளைவுகளும், தூண்களும், சுண்ணாம்புச் சாந்தினாலான அலங்கார வேலைகளும் கொண்ட முகப்பும், அம்முகப்பின் மேலெழும் மாடியும், கடந்து செல்வோரை நின்று பார்க்கச் செய்வதற்கென்றே அமைந்தவை. உள்ளேயோ மரவேலைப்பாடு. வெளியே ஐரோப்பிய மோஸ்தரும் உள்ளே உள்ளூர்த் தச்சு மரபும் ஒரே கூரையின் கீழ்ச் சந்தித்த வீடு அது. இந்தச் சந்திப்பே அதன் சிறப்பு. அதனைக் கட்டுவித்தவர் தம் வளவுக்குள் ஒடுங்கி வாழும் பழைய வழக்கத்தை விட்டு, தம்மை ஊருக்குக் காட்ட விரும்பியவர் என்பதை அம்முகப்பே சொல்லுகின்றது. ஒரு சமூகத்தின் உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றத்தைக் கல்லும் சாந்தும் இவ்வாறு பதிந்து வைத்திருப்பது அரிது.

ஆயின் அங்கே செல்வோருக்கு நாம் கூறுவது யாது? ஒருமுறை பாடசாலை மாணவர் கூட்டமொன்று அங்கு வந்து நின்றதைக் கண்டேன். அழைத்து வந்தவர் மந்திரியைப் பற்றிக் கூறினார். நிலவறையைப் பற்றிக் கூறினார். அரண்மனைக்குச் செல்லும் சுரங்கவழியைப் பற்றி விரிவாகக் கூறினார். பிள்ளைகள் அனைவரும் குனிந்து சுரங்கத்தைத் தேடினர். தலைக்கு மேலே நின்ற வளைவை ஒருவரேனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பிள்ளைகளைக் குறை கூற எனக்கு மனமில்லை. நாம் அனைவரும் அவ்வாறே பழக்கப்பட்டவர்கள்.

2. இடத்தின் வயதும் கட்டடத்தின் வயதும்

மந்திரிமனை என்னும் பெயர் மரபுரையாய் வந்தது. நல்லூர் தலைநகராய் விளங்கிய இடமாதலின், அங்கே அமைச்சர் ஒருவரின் இருப்பிடம் இருந்தது என்னும் நினைவு முற்றாகத் தள்ளத்தக்கதன்று. ஆனால் இடத்தின் பழைமை வேறு. அதன்மேல் நிற்கும் கட்டடத்தின் பழைமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலேயே நமது பிழை தொடங்குகின்றது.

1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. ஆட்சியின் இருக்கை நல்லூரை விட்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறிற்று. 1658 இல் ஒல்லாந்தரும் 1795 இல் பிரித்தானியரும் அடுத்தடுத்து வந்தனர். இன்று நாம் காணும் மந்திரிமனையின் வளைவுகளும் முகப்பமைப்பும் சாந்து அலங்காரமும் இந்த ஐரோப்பியத் தொடர்புக்குப் பின் உருவான கட்டட மரபைச் சேர்ந்தவை. அரசு வீழ்வதற்கு முற்பட்ட கட்டடமாக இதனைக் கொள்ள அதன் உறுப்புகள் இடந்தரவில்லை. யாழ்ப்பாண வரலாற்றையும் கட்டடக்கலையையும் ஆராய்ந்தோர் இதனைச் சுட்டிக்காட்டியே வந்துள்ளனர். நாமோ கேட்டும் கேளாதோராய் இருந்தோம்.

ஏன் கேளாதிருந்தோம்? அரசின் காலத்து எச்சங்கள் நம்மிடம் மிகச் சிலவே. கோயில் இடிக்கப்பட்டது, அரண்மனை அழிந்தது. வெறுமையாய்க் கிடந்த அந்த இடத்தை ஏதேனும் ஒன்றைக் கொண்டு நிரப்பும் வேட்கை நமக்கு இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த பழைய கட்டடத்தை அரசனுக்கு உரியதாக்கினோம். அவ்வேட்கை இயல்பானது; பரிவோடு நோக்கத்தக்கது. ஆனால் ஒரு பொருளை அதுவல்லாத வேறொன்றாகக் கருதி நேசிப்பவன், அப்பொருளை உண்மையில் நேசிப்பவன் ஆகான்.

ஓர் ஒப்புமை கூறுவேன். இன்றைய நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அரசர் காலத்துக் கோயிலன்று. அது 18 ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சியின்போது, பழைய கோயில் இருந்த இடத்தை விட்டு வேறோர் இடத்தில் எழுந்தது. இது யாவரும் அறிந்த செய்தி. இதனை அறிந்தமையால் எந்த அடியவனும் தேர்த்திருவிழாவுக்குச் செல்லாமல் நின்றுவிட்டானா? இல்லையே. மாறாக, அழிவின் பின்னும், அந்நியர் ஆட்சியின் நடுவேயும் ஒரு சமூகம் தன் கோயிலை மீண்டும் எழுப்பிக்கொண்டது என்ற செய்தி நமக்குப் பெருமையே தருகின்றது. கோயிலைப் பற்றி உண்மையைத் தாங்கும் வலிமை நமக்கு உண்டெனில், ஒரு வீட்டைப் பற்றி அதனைத் தாங்க ஏன் அஞ்சுகின்றோம்?

மரபுரையை ஆராய்வது மரபுக்குச் செய்யும் துரோகமன்று. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை 18 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுந்த நூல். 1928 இல் சுவாமி ஞானப்பிரகாசர் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்னும் நூலை வெளியிட்டு அதன் கூற்றுகளை ஆராய்ந்தார். அன்று இயன்ற விமரிசனம், பல்கலைக்கழகமும் வரலாற்றுத்துறையும் கொண்ட இன்று இயலாதிருப்பது நமக்கு அழகோ?

3. பொய்ப் பெருமை செய்த கேடு

பெயரில் என்ன கேடு, மனை மந்திரியுடையதென்றால்தானே மக்கள் மதிப்பர் என்று கேட்கலாம். அம்மதிப்பு மனைக்கு என்ன செய்தது என்பதே என் எதிர்வினா.

மந்திரியை மதித்தவர்களுக்கு மந்திரியின் பெயர்ப் பலகை போதுமானதாயிற்று. 1974 இல் நல்லூர் முத்திரைச் சந்தியில் சங்கிலி மன்னனுக்குச் சிலை வைத்தோம். 2011 இல் அச்சிலை புதுப்பிக்கப்பட்டது. சிலை வைத்தது தவறென்பது என் கருத்தன்று. ஆனால் புதிய சிலையைப் புதுப்பிக்க முடிந்த ஊரில், அதற்கு அண்மையில் நின்ற பழைய கட்டடத்தின் கூரைக்கு ஓடு மாற்ற முடியவில்லை என்பதை எவ்வாறு விளக்குவது? சிலை ஓர் அறிவிப்பு. ஒருநாள் விழாவோடு அது நிறைவு பெறும். வீடோ அன்றாடப் பராமரிப்பை வேண்டுவது. அறிவிப்பில் மகிழும் உள்ளம் பராமரிப்பில் மகிழ்வதில்லை.

அன்றியும், அரசர் காலம் என்ற அடைமொழி அவ்வீட்டின் உண்மையான உரிமையாளர்களை மறைத்துவிட்டது. அவர்கள் அதனைக் கட்டிய கொத்தரும் தச்சரும் ஆவர். அந்நிய வளைவை உள்ளூர்ச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பக் கற்றவன் யார்? ஐரோப்பிய முகப்புக்குப் பின்னே தன் பாட்டனிடம் கற்ற செதுக்கு வேலையைத் துணிந்து வைத்தவன் யார்? அவன் பெயரை எந்த வைபவமாலையும் பாடவில்லை. அவன் எழுதிச்சென்ற ஒரே ஏடு அந்தச் சுவர். அச்சுவரை மந்திரிக்கு உரிமையாக்கியபோது, உழைத்தவனின் கையொப்பத்தை அழித்து, ஆண்டவனின் பெயரை அதன்மேற் பொறித்தோம். வரலாறு என்பது அரசரின் வரலாறு மட்டுமே என்னும் பழைய பிணி நம்மை விட்டு இன்னும் நீங்கவில்லை.

ஐரோப்பியச் சாயல் படிந்த கட்டடம் நமதாகாது என்று உள்ளூரக் கூசுகின்றவர்களும் உளர். அவர்கள் தம் வீட்டுக்குள் ஒருமுறை சுற்றி வரட்டும். யன்னலைத் திறந்து, விறாந்தையில் கதிரையைப் போட்டு அமர்ந்து, குசினியிலிருந்து வரும் தேநீரை அருந்தி, அண்ணாந்து தீராந்தியைப் பார்க்கட்டும். இச்சொற்கள் யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து நம்மிடம் வந்தவை. சொல் நமதானது போலவே, அச்சொல் சுட்டும் கட்டட உறுப்பும் நமதாயிற்று. அந்நியன் கொணர்ந்தான் என்பதற்காக யன்னலை அடைத்துவிட்டு எவரும் வாழவில்லை. வாங்கியதைத் தமதாக்கிக் கொண்ட ஆற்றலே ஒரு பண்பாட்டின் உயிர்ப்பு. மந்திரிமனை அவ்வாற்றலுக்குச் சான்று. அதனை 1619 க்கு முன்னே தள்ளுவதன் மூலம் அச்சான்றை நாமே பொய்ச் சாட்சியாக்குகின்றோம்.

இவ்விடத்தில் அயல்நாட்டு நிகழ்ச்சியொன்றையும் நோக்கலாம். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பழைய நிலப்பிரபுக்கள் எழுப்பிய கோபுர வீடுகள் பல உள. தடித்த கற்சுவரும் மாடிமேல் மாடியுமாக உயர்ந்து நிற்கும் அவ்வீடுகளுட் பல இன்று கூரையற்றவை. அயர்லாந்தின் பலிலீ என்னும் இடத்தில் அத்தகைய கோபுர வீடொன்றை அயர்லாந்துக் கவிஞர் யேற்ஸ் 1917 இல் வாங்கித் திருத்தி அதில் வாழ்ந்தார். இன்று அதனைக் காணச் செல்வோர் கட்டிய பிரபுவுக்காகச் செல்வதில்லை. நூற்றாண்டுகள் பல கழிந்தபின் அதில் வாழ்ந்த கவிஞனுக்காகவே செல்கின்றனர். ஒரு வீட்டின் பெருமை அதன் முதல் நாளோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இஃதொரு சான்று. 1964 இல் உருவான வெனிஸ் சாசனமும் இக்கருத்தையே நெறியாக வகுத்தது. ஒரு சின்னத்தில் ஒவ்வொரு காலமும் சேர்த்தவை மதிக்கப்பட வேண்டும். ஒரே காலத்துத் தோற்றத்தை வலிந்து உண்டாக்குவது பேணலின் நோக்கமாகாது என்பது அதன் கொள்கை.

4. சுவர் எவ்வாறு இடிகின்றது

மழையால் மனை இடிந்தது என்கிறோம். நூறாண்டுக்கு மேலாக மழையைத் தாங்கிய சுவர் ஒருநாள் மழைக்கு ஏன் இடியவேண்டும்?

சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய சுவர் நீரை உறிஞ்சும். வெயிலில் அதனை வெளிவிடும். அவ்வாறு மூச்சுவிட்டுக்கொண்டே அது வாழ்கின்றது. அதற்கு வேண்டியவை இரண்டு: மேலே நல்ல கூரை, மேனியில் அவ்வப்போது பூசப்படும் சுண்ணாம்பு. கூரையில் ஓர் ஓடு விலகினால் முதலில் நனைவது மரம். வளையும் சிலாகையும் உக்கும், கறையான் ஏறும். மரம் சரிந்தால் மேலும் பல ஓடுகள் விழும். பின்னர்ச் சுவரின் தலை வெளிப்படும். சுவரின் தலைவழியே இறங்கும் நீர் உள்ளிருக்கும் சாந்தைக் கரைக்கும். பறவையிட்ட ஆலம்வித்தோ அரசம்வித்தோ அங்கே முளைக்கும். அதன் வேர் செங்கற்களின் இடையே புகுந்து அவற்றைப் பிரிக்கும். வளைவு என்பது ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லைத் தாங்கி நிற்கும் அமைப்பு. அதன் பக்கச் சுவர் சற்றே விலகினாலும் வளைவு தளரும். அதன்பின் ஒரு மழை போதும்.

இதற்கிடையே நல்லெண்ணத்தாற் செய்யும் தீங்கும் உண்டு. வெடித்த சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசுவது நம் ஊரெங்கும் காணும் வழக்கம். சீமெந்து இறுகியது; நீரை வெளிவிடாது. உள்ளே அகப்பட்ட ஈரம் செங்கல்லையும் முருகைக்கல்லையும் அரிக்கும். உப்பு பூத்து உதிர்ந்து, சில ஆண்டுகளிற் பூச்சோடு சுவரின் மேனியும் சேர்ந்து விழும். பழைய கோயில்களின் மண்டபங்களிலும் பழைய நாற்சார் வீடுகளிலும் இக்காட்சியைக் காணாதவர் நம்முள் யார்?

ஆகவே இடிந்தது ஒருநாளில் அன்று. விலகிய முதல் ஓட்டை எடுத்து வைக்காத நாளிலேயே இடிவு தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் 1877 இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது வற்புறுத்தியதும் இதுவே: பெரும் புதுப்பித்தல்களை விடச் சிறிய நாளாந்தக் கவனிப்பே கட்டடத்தைக் காக்கும். விலகிய ஓட்டுக்கு மந்திரியின் பெயரும் தெரியாது. மன்னனின் பெயரும் தெரியாது. அது ஏணியொன்றையும் ஒரு மனிதனின் கையையும் மட்டுமே வேண்டிநின்றது.

5. மறுப்புகள் சில

என் வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். அவற்றை ஒளிக்காது எடுத்துரைப்பதே நேர்மை.

முதலாவது, தொல்பொருளைப் பேணுவது அரசின் கடன், மக்களை ஏன் குறைகூற வேண்டும் என்பது. அரசின் கடன் என்பதில் ஐயமில்லை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அதற்கென்றே உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என அறிவித்து ஒரு பலகை நாட்டுவதோடு கடமை முடிந்ததென்று கருதும் நிருவாகத்தை நான் காக்க வரவில்லை. பலகை கூரையாகாது. எனினும் சட்டத்தை அறியாத மக்கள் அதன்படி எதையும் கேட்டுப் பெறவும் இயலாது. அச்சட்டம் 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் எனக் கொள்கின்றது. கண்டி உடன்படிக்கையின் நாள் அது. அதற்குப் பிற்பட்ட கட்டடத்தையும் தனிக் கட்டளையாற் சின்னமாக்கச் சட்டம் வழிவிடுகின்றது. ஆகவே சட்டத்தின் காப்பைப் பெறுவதற்காக எந்த வீட்டையும் அரசர் காலத்தது என்று கூறவேண்டிய தேவை நமக்கு இல்லை. உண்மையைக் கூறியே காப்பைக் கேட்கலாம்.

நிலவுரிமையும் இங்கே நோக்கத்தக்கது. யாழ்ப்பாணத்திற் பெரிய வீடுகள் எவ்வாறு அழிகின்றன என்பதை நாம் அறிவோம். 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையின் வழிவந்த சீதன முறையும் முதுசப் பங்கீடும் தலைமுறைதோறும் உரிமையைப் பலருக்குப் பிரிக்கின்றன. பங்காளர்களுள் ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில், ஒருவர் எங்கென்று அறியார். விற்பதற்கு அனைவரின் ஒப்பமும் வேண்டும். ஓடு மாற்ற எவரும் முன்வரார். தனியார் நிலத்துச் சின்னம் எதுவாயினும் உரிமையாளரோடு பேசி, இழப்பீடோ உடன்படிக்கையோ கண்டாலன்றிக் காக்கப்படாது. "இது எம் இனத்தின் சொத்து" என்று முழங்குவோர் அதற்கு வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தர முன்வந்தால் முழக்கத்துக்குப் பொருள் உண்டு.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. வடக்கிலும் கிழக்கிலும் தொல்லியலின் பெயரால் நிலங்களும் வழிபாட்டிடங்களும் சர்ச்சைக்குள்ளாகும் இக்காலத்தில், நமது எச்சங்களின் பழைமையை நாமே குறைத்துக் கூறுவது எதிரிக்கு இடங்கொடுப்பதாகாதா என்பர். இக்கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. அவநம்பிக்கைக்குக் காரணங்கள் உள. ஆயின் விடை நேர்மாறானது என்பேன். பிறர் வரலாற்றைத் திரிக்கும்போது அதனை மறுப்பதற்கு நம்மிடமுள்ள படைக்கலம் சான்றை மதிக்கும் நேர்மை ஒன்றே. ஒரு கட்டடத்தின் வயதை நாம் விருப்பத்தால் முடிவு செய்வோமாயின், மற்றவர் தம் விருப்பத்தால் முடிவு செய்வதை எந்த நாவாற் கண்டிப்போம்? பொய்யான ஒரு சான்று உண்மையான பத்துச் சான்றுகளையும் ஐயத்துக்குள்ளாக்கும். யாழ்ப்பாண அரசு இருந்தது என்பதற்கு மந்திரிமனையின் துணை தேவையில்லை. நாணயங்களும் ஏடுகளும் போர்த்துக்கேயரின் குறிப்புகளுமே அதற்குப் போதுமானவை.

மூன்றாவது மறுப்பை என் நண்பர்களே கூறுவர். போரினால் வீடிழந்து இன்றும் உரிய கூரையின்றி வாழ்வோர் உள்ள மண்ணில், இறந்துபோன பணக்காரன் ஒருவனின் வீட்டுக்குக் கூரை கேட்பது நியாயமா? இக்கேள்வியின் முன் நான் தலைகுனிகின்றேன். மனிதனுக்கும் கல்லுக்குமிடையே தெரிவு செய்யும் நிலை வந்தால் மனிதனையே தெரிவேன். ஆனால் நாம் உண்மையில் அவ்வாறு தெரிவு செய்தோமா? சிலைகளுக்கும் வரவேற்பு வளைவுகளுக்கும் பளிங்குத் தரைகளுக்கும் பணம் பெருகி ஓடிய ஆண்டுகளிலேயே அந்த ஓடுகள் விலகின. வறுமை அதற்குக் காரணமன்று. நோக்கின் வறுமையே காரணம்.

6. செய்யத்தக்கது

இனிச் செய்யவேண்டியது யாது? இடிந்ததைப் புதுக் கற்களால் புத்தம் புதிய மாளிகையாக எழுப்பி, பளபளக்கும் வண்ணம் பூசி, மந்திரியின் பெயரில் திறப்புவிழா நடத்தலாம். அவ்வாறு செய்வோமாயின் மழை விட்டுவைத்ததையும் நாமே அழித்தவர்களாவோம். எஞ்சியுள்ள சுவருக்கு முட்டுக்கொடுத்து, சுவர்த்தலையை மூடி, தற்காலிகமாகவேனும் ஒரு கூரையிட்டு நீரைத் தடுப்பதே முதற்பணி. வீழ்ந்த கற்களையும் செதுக்கிய மரங்களையும் எண்ணிட்டு ஓரிடத்திற் சேர்த்தல் அடுத்தது. கல் இருக்கும் வரை மீளச் சேர்க்கலாம். அள்ளிக்கொண்டு போன கல்லை எவராலும் சேர்க்க இயலாது.

இப்பணிகள் நிபுணருக்கும் திணைக்களத்துக்கும் உரியவை. ஆனால் நமக்குரிய பணி ஒன்றுண்டு. அதற்கு எவருடைய நிதியும் வேண்டியதில்லை. அளத்தல், வரைதல், எழுதிவைத்தல் என்பதே அது.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706 இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990 இல் போரில் அழிந்தது. இன்று இடிபாடுகளுக்கு அப்பால் அதன் உருவத்தை நாம் அறிவது, முன்னர் எவரோ வரைந்துவைத்த படங்களாலும் எடுத்துவைத்த நிழற்படங்களாலுமே. கட்டடம் போனாலும் அதன் அளவு எஞ்சினால் அறிவு எஞ்சும். நல்லூரிலும் வண்ணார்பண்ணையிலும் பருத்தித்துறையிலும் தீவகத்திலும் ஆண்டுதோறும் இடிக்கப்படும் நாற்சார் வீடுகளுக்கு அவ்வாறு அளந்து வரைந்த கிடைப்படம் எத்தனை உண்டு? அவ்வீடுகளைக் கட்டிய கொத்தரின் முதிய பேரர் இன்னும் நம்மிடையே உளர். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, பனங்கட்டிப் பாணியை எந்த அளவிற் சேர்ப்பது என்பது அவர்களின் நாவில் இருக்கின்றது. அதனை எழுதிவைக்க ஒரு கொப்பியும் ஓர் எழுதுகோலும் போதாவோ?

நமது பல்கலைக்கழகத்தில் வரலாறும் தொல்லியலும் கற்பிக்கப்படுகின்றன. கிளிநொச்சியிற் பொறியியற் பீடம் இயங்குகின்றது. கலைப்பீட மாணவன் கேட்டு எழுதவும், பொறியியல் மாணவன் அளந்து வரையவும், இருவரும் ஒரு விடுமுறையை ஒருங்கே செலவிடவும் தடையாய் இருப்பது யாது? ஆண்டுதோறும் தமிழின் தொன்மையைப் பற்றிப் பட்டிமன்றம் நடத்துகின்றோம். ஓராண்டேனும் பட்டிமன்றத்தை நிறுத்தி, அளவுநாடாவும் தூக்குக்குண்டும் ஏந்தி ஒரு பழைய வீட்டுக்குள் நுழைவோமாயின், அதுவே தமிழ்த்தொண்டாகும். நமது தமிழ்ச்சங்கம் இதனை ஏற்றுச் செய்யவேண்டும் என இவ்விதழின் வாயிலாகவே வேண்டுகின்றேன். என் பெயரை முதற் பெயராக எழுதிக்கொள்ளுங்கள்.

மந்திரி யாரென்று நமக்குத் தெரியாது. அவருக்கு நாம் கடன்பட்டதாகவும் நான் கருதவில்லை. ஆனால் அந்த வளைவின் கடைசிக் கல்லைப் பொருத்திவிட்டு, சாரத்திலிருந்து இறங்கி, தன் கைவேலையை அண்ணாந்து பார்த்த கொத்தன் ஒருவன் இருந்தான். அவனுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். அடுத்த மாரி வருமுன் அக்கடனில் ஒரு சிறு பகுதியையேனும் தீர்ப்போமாக.